இடப்பக்கத்துப் புள்ளிகள்

ஆகஸ்ட் 3, சனி

பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பிடித்துவிட்டதாம். எனக்கும் பிடித்திருக்கிறது என்று எழுதிவைக்கிறேன். முப்பத்தொரு வயதில், பொருளாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு என்ற பெயரில் வருஷக் கணக்காக உட்கார்ந்திருப்பவளுக்குப் பிடிக்காமல் போக என்ன கொழுப்பா இருக்கிறது?

பெயர் நவநீதன். ஈரோட்டுக்காரர். இங்கே கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் இன்ஜினியர். நான் பேசும்போது குறுக்கே பேசவில்லை. என் உறவில் இப்படி ஓர் ஆண்பிள்ளையை நான் பார்த்ததில்லை.

அப்பா ஈரோட்டில் ஏழு பேரிடம் விசாரித்துவிட்டார். ஏழு பேரும் தங்கமான பையன் என்றார்களாம். "ஒருத்தரு கூட ஒரு சொல்லு கொறையாச் சொல்லல கண்ணு. இந்தக் காலத்துல இப்பிடி ஒரு பையன் அமையறது லேசுப்பட்ட காரியமா?" என்று சந்தோஷத்தில் இரண்டாவது காபி கேட்டார். சர்க்கரை வியாதிக்காரருக்கு இன்று அம்மாவும் மறுக்காமல் போட்டுக் கொடுத்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஓர் இடம் நிச்சயமாகி நின்றுபோயிருக்கிறது. ஜாதகக் கோளாறாம். மாப்பிள்ளையின் தாய்மாமன் சென்னியப்பன் தானாகவே சொல்லிவிட்டார். மறைக்காமல் சொன்னது நல்ல குணம்தான்.

செப்டம்பர் பதினைந்து நிச்சயம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

"கல்யாணத்துக்குள்ள முடிஞ்சுருமா உன்ற படிப்பு?" என்று அம்மா கேட்டார். மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன்.

பெண்களுக்குத் தையல், கம்ப்யூட்டர் என்று தொழிற்பயிற்சி கொடுத்தால் அவர்கள் வருமானம் கூடுகிறதா என்று பல நாடுகளில் பலர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்தக் கட்டுரைகளை எல்லாம் ஒன்றாகத் திரட்டி, மொத்தத்தில் உண்மை என்ன என்று கணக்கிடுவதுதான் என் வேலை. திரையில் ஒவ்வொரு கட்டுரையும் ஒரு புள்ளி. நிறையப் பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வுகள் உச்சியில் நெருக்கமாக நிற்கும். சின்ன ஆய்வுகள் கீழே இரண்டு பக்கமும் சிதறும். நல்ல பலன் என்றால் வலப்பக்கம், பலன் இல்லை என்றால் இடப்பக்கம். மொத்தத்தில் கவிழ்த்து வைத்த புனல் மாதிரி இருக்கவேண்டும்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இந்தப் பக்கம் கீழ மொட்டையா இருக்குது?"

இதே கேள்வியைக் கேட்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

"நல்லா வரலைன்னா பத்திரிகைக்காரங்க போடமாட்டாங்கம்மா. போடமாட்டாங்கன்னு தெரிஞ்சு இவங்களும் அனுப்பமாட்டாங்க. அப்படியே பீரோக்குள்ள போயிரும்."

"அப்ப எல்லாரும் நல்லாருக்குதுன்னு சொல்றது?"

"நல்லா வந்தவங்க மட்டும் சொல்றதுங்கம்மா."

"அடக் கெரகமே!" என்று அம்மா குக்கரை இறக்கப் போய்விட்டார்.

காணாமல் போன அந்த இடப்பக்கத்துப் புள்ளிகளைத் தேடி, ஆய்வு செய்து வெளியிடாமல் விட்டவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே வாசகம்: "முடிவு எதுவாக இருந்தாலும், ஒன்றுமே இல்லை என்று வந்திருந்தாலும், தயங்காமல் பகிர்ந்துகொள்ள வேண்டுகிறேன்."

ஆகஸ்ட் 11, ஞாயிறு

முதல்முறையாக நவநீதனோடு வெளியே போனேன். காரில். அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான்.

வழியில் ஜெயசீலன் கூப்பிட்டான். என்னோடு ஒரே அறையில் உட்கார்ந்து ஆய்வு செய்பவன், ஒரு கோப்பு கேட்டான். பேசிவிட்டு வைத்தேன். "நல்லாச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசறியே" என்றார் அவர். அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

கடை வாசலில் அவரே சுற்றி வந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு செருப்பைச் சரிசெய்தேன். அவர் கதவைச் சாத்தினார். என் வலது கை நடுவிரல் உள்ளே மாட்டிக்கொண்டது. அலறிவிட்டேன். "அய்யய்யோ, பாக்கல சிந்து, பாக்கவே இல்ல" என்று பதறினார். கதவைத் திறக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. கைப்பிடி ஏதோ சிக்கிக்கொண்டது போலிருக்கிறது.

அப்புறம் பிஸ்தா ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். என்னைவிட அவருக்குத்தான் வருத்தம். பாவம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

நகம் கறுத்துவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறேன். நான் எங்கே இருக்கிறேன் என்று அவர் போனில் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளச் சொன்னார். வைத்துவிட்டேன். அக்கறைதானே.

ஆகஸ்ட் 14, புதன்

என் நெறியாளர் வத்சலா மேடத்திடம் இன்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என் பட்டியலில் ஆறு கட்டுரைகள் ஒன்றுபோலவே நல்ல பலன் காட்டின. ஆறு புள்ளிகளாக வைத்து, "சான்று வலுவாக உள்ளது" என்று எழுதிக் கொடுத்தேன். மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அவர் கண்ணாடி நெற்றிக்குப் போனால் நமக்கு நாள் நன்றாக இல்லை என்று அர்த்தம்.

"சிந்துஜா, இந்த ஆறு பேரும் எந்தச் சர்வேயை எடுத்து எழுதியிருக்காங்க?"

புரட்டிப் பார்த்தேன். ஒரே தாலுகா. ஒரே சர்வே. ஒரே ஆசிரியரின் ஆறு மாணவர்கள்.

"ஒரே ஆள் சொன்னதை ஆறு வாயில கேட்டுட்டு வந்து ஆறு சாட்சின்னு எழுதியிருக்கே. இது ஒரு புள்ளி. ஒண்ணே ஒண்ணு. முதல் வருஷப் பிள்ளைகூட இதைச் செய்யாதும்மா."

வெட்கமாகப் போய்விட்டது. ஐந்து புள்ளிகளை அழித்தேன். படம் இன்னும் மொட்டையாகிவிட்டது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

என் கடிதத்துக்கு ஒருவர் போனிலேயே பதில் சொன்னார். கரூரில் டியூஷன் சென்டர் நடத்தும் அருள்மணி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நூற்றுக்கணக்கான பெண்களைத் தேடித் தேடிப் போய்ப் பார்த்து ஆய்வு செய்திருக்கிறார். பயிற்சியால் பத்துக் காசு பிரயோஜனமில்லை என்று வந்ததாம்.

"கைடு பாத்துட்டு, இது வெளிய போனா உனக்கும் கெட்ட பேரு, டிபார்ட்மென்டுக்கும் கெட்ட பேருன்னாருங்க. நானும் அப்பிடியே விட்டுப்போட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லலீங்களா?"

"ஆருங்க கேட்டாங்க? நீங்கதான் மொதல்ல கேக்கறீங்க."

அவர் அனுப்பியதும் படத்தில் இடப்பக்கம் ஒரு புள்ளி விழுந்தது. ஒற்றைப் புள்ளி. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

அப்பாவிடம் சும்மாதான் கேட்டேன். "அந்த ஏழு பேரு நம்பரு உங்களுக்கு எப்படிங்கப்பா கெடச்சுது?"

"நம்மளுக்கு ஈரோட்டுல ஆரத் தெரியும்? சென்னியப்பந்தான் குடுத்தாப்ல. நல்ல மனுசன், அவரே ரெண்டு பேரு வீட்டுக்குக் கூட்டிக்கிட்டும் போனாரு."

"ஏழு பேரையும் அவருதான் சொன்னாருங்களா?"

"ஆமா. ஏன் கண்ணு?"

"ஒண்ணுமில்லீங்கப்பா."

ஒன்றுமில்லைதான். தொழில் புத்தி. எதைப் பார்த்தாலும் புள்ளியாகத் தெரிகிறது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காலையில் குளித்துக்கொண்டிருந்தபோது அவர் கூப்பிட்டிருக்கிறார். எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "எங்க இருந்தே?" என்று மெதுவாகக் கேட்டார். குளித்தேன் என்றேன். "போன்ல வீட்டுல இருக்கறதாத்தான் காட்டுது. இருந்தாலும் நீ சொல்லிக் கேக்கணும்" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் பேசாமலே இணைப்பில் இருந்தார். அவர் மூச்சுச் சத்தம் கேட்டது. நானும் வைக்கவில்லை. வைக்கப் பயமாக இருந்தது.

பயம் என்று எழுதிவிட்டேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

கல்யாணப் பத்திரிகைக்கான மாதிரி அட்டைகளை அம்மா கட்டில் முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறார். எது பிடித்திருக்கிறது என்று கேட்டார். மஞ்சள் என்றேன். எந்த மஞ்சள் என்றார். எனக்கு அழுகை வந்தது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

எங்கள் துறையில் நூலகம் பார்க்கும் நஸ்ரீனுக்கு ஈரோடுதான். நவநீதன் குடும்பத்தைச் சொல்லி, முதலில் நிச்சயமாகி நின்றுபோன பெண்ணைத் தெரியுமா என்று கேட்டேன். "மோகனப்ரியாவா? எங்க ஸ்கூலுதான். நம்பர் வாங்கித் தரட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். சாயங்காலம் நானே போய் வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 28, புதன்

மானம் போய்விட்டது.

முன்பின் தெரியாத பெண்ணுக்கு என்ன எழுதுவது? ஆய்வாளர்களுக்கு அனுப்புகிற கடிதத்தை எடுத்து ஒட்டி, அங்கங்கே மாற்றி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் முழுதாகப் படித்தேன். "வணக்கம் மோகனப்ரியா. திரு. நவநீதன் தொடர்பாகத் தங்களிடம் வெளியிடப்படாத முடிவுகள் இருப்பதாக அறிகிறேன். முடிவு எதுவாக இருந்தாலும், ஒன்றுமே இல்லை என்று வந்திருந்தாலும், தயங்காமல் பகிர்ந்துகொள்ள வேண்டுகிறேன். தங்கள் பெயர் எங்கும் வெளியிடப்படமாட்டாது."

தலையில் அடித்துக்கொண்டேன். அழிப்பதற்குள் அவள் படித்துவிட்டாள். 'எழுதுகிறார்' என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது.

கடைசியில் வந்தது இவ்வளவுதான்: "சனிக்கிழமை பெருந்துறை பஸ் ஸ்டாண்டு பேக்கரிக்கு வருவீங்களா? பகல்ல."

நவநீதன் போனில் நான் எங்கே போகிறேன் என்று தெரியுமே. போனை நூலகத்தில் நஸ்ரீனிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான். கட்டிக்கொள்ளப் போகிறவருக்குத் தெரியாமல் போக ஒரு திருட்டுத் திட்டம் போடுகிறேன் என்பது எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஆகஸ்ட் 31, சனி

மோகனப்ரியா ஒல்லியாக இருந்தாள். என்னைவிட நாலு வயது சின்னவள். எதிரே வந்து உட்கார்ந்தவள் வணக்கம் சொல்லவில்லை, பெயர் கேட்கவில்லை. என் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள்.

"வெரலா?" என்றாள்.

கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

அவள் தன் இடது கையை மேசைமேல் வைத்தாள். இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

"கார்க் கதவுங்களா?"

தலையாட்டினேன்.

"பாக்கலைன்னாரா?"

தலையாட்டினேன்.

"ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்திருப்பாரே."

"பிஸ்தா" என்றேன். ஏன் அதைச் சொன்னேனோ.

"எனக்கும் பிஸ்தாதானுங்க்கா" என்றவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதோம். பப்ஸ் கொண்டுவந்த பையன் வைத்துவிட்டு அப்படியே நகர்ந்துவிட்டான்.

அவள் சொன்னதையெல்லாம் இங்கே எழுதமாட்டேன். விரல் முதலில் வந்ததாம், மற்றது அப்புறமாம். ஒருநாள் ஓடுகிற காரில் அவள் பக்கத்துக் கதவை எட்டித் திறந்துவிட்டு, "எறங்கிக்கிறியா?" என்று சிரித்தாராம். அன்றைக்கு வீட்டுக்குப் போனவள் நிச்சயச் சேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டாள்.

"ஏன் யாருக்கும் சொல்லலைங்க?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்தது.

"எங்கப்பா, ஜாதகம் சேரலைன்னு சொல்லி முடிச்சுப்போட்டாருங்க்கா. பொண்ணு பேரு கெட்டுரும்னு. எங்க பக்கத்துத் தெருவுக்கு உங்கப்பா விசாரிக்க வந்ததக்கூடச் சொன்னாங்க. எங்கூட்டு வாசலுக்கு வரல. வந்திருந்தாலும் அப்பா அதையேதான் சொல்லியிருப்பாரு. நானும் உள்ள நின்னு கேட்டுட்டுச் சும்மாதான் இருந்திருப்பேன்."

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். மடங்காத விரல்கள் என் மணிக்கட்டில் பட்டன. இப்போதும் அங்கே ஏதோ இருக்கிற மாதிரியே இருக்கிறது.

ஏழு பேர் இல்லை. ஒரே ஒரு தாய்மாமன். அப்பா வைத்திருந்தது ஒரு புள்ளி.

செப்டம்பர் 1, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அம்மா என் விரல் கட்டைப் பிரித்துப் பார்த்தார். பிரித்ததை மறுபடி கட்டத் தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். அப்பா வாசலுக்குப் போய்விட்டு வந்தார், மறுபடி போனார். "என்ற புள்ளைய நானே கொண்டுபோயிக் குடுக்க இருந்தனே" என்று தூணில் தலையை முட்டிக்கொண்டார். அப்பா அழுது இன்றுதான் பார்த்தேன். எனக்கு ஒரு நிமிஷம் எல்லாப் பயமும் போய்விட்டது.

அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "நிறுத்திப்போடலாம். ஜாதகத்துல ஒரு தோசம் தெரிஞ்சுதுன்னு சொல்லிக்கலாம். எதுக்கு வம்பு? நாளைக்கு உனக்கு இன்னொரு எடம் பாக்கோணுமல்ல?"

சரி என்று தலையாட்டினேன். தப்பித்தால் போதும் என்று இருந்தது.

செப்டம்பர் 5, வியாழன்

நவநீதன் புது எண்ணிலிருந்து கூப்பிட்டார். குரல் எப்போதும் போல மெதுவாக.

"ஜாதகம்னு உங்கப்பா சொன்னாரு. அப்பிடியே இருக்கட்டும் சிந்து. உனக்கும் அதுதான் நல்லது." கொஞ்சம் நிறுத்தி, "தெனமும் ஸ்கூட்டர்லதானே போறே? அவினாசி ரோட்டுல லாரியெல்லாம் என்ன வேகத்துல வருது. பாத்துப் போ" என்றார்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. அம்மா கொழுக்கட்டை செய்தார். வாசலில் கார் நிற்கிற சத்தம் கேட்டுக் கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்கு விருந்துக்கு வந்த ஒறம்பரை.

செப்டம்பர் 23, திங்கள்

பஸ்ஸில்தான் போகிறேன். தினமும் வேறு வேறு நேரத்தில். ஸ்கூட்டர் ரிப்பேர் என்று சொல்லியிருக்கிறேன். ஜெயசீலன் சரிபார்த்துத் தருகிறேன் என்கிறான். வேண்டாம் என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவனுக்கு என்ன தெரியும்?

அக்டோபர் 18, வெள்ளி

கணக்கு முடிந்தது. அருள்மணியைப் போல இன்னும் சிலர் பீரோவிலிருந்து எடுத்து அனுப்பிவிட்டார்கள். இடப்பக்கம் நிரம்ப நிரம்ப, பயிற்சியால் வருமானம் கூடும் என்ற அந்தப் பெரிய பலன் கரைந்து ஒன்றுமில்லாமல் ஆகிவிட்டது. "இதை நம்பித்தானே இத்தனை வருஷம் திட்டம் போட்டிருக்காங்க" என்றார் வத்சலா மேடம். "எத்தனை பொண்ணுங்க வேலையை விட்டுட்டு இதுல வந்து உக்காந்திருப்பாங்க."

முன்னுரையில் நான் எழுதியிருந்த ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்: 'பொய் சொன்னவர் எவரும் இல்லை, சொல்லாமல் விட்டவர்களே பலர்.' நன்றாக இருக்கிறது என்றார். கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

நவம்பர் 4, திங்கள்

தீபாவளிக்கு வந்த சித்தி சொன்னார், அந்த ஈரோட்டுப் பையனுக்குக் கோபிப் பக்கம் பெண் பேசுகிறார்களாம். நர்ஸ் பெண்ணாம். தங்கமான பையன் என்கிறார்களாம். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. முறுக்கு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

நவம்பர் 9, சனி

அந்தப் பெண்ணின் பேர்கூட எனக்குத் தெரியாது. எப்படிச் சொல்வது? தெரிந்தால் மட்டும் சொல்லிவிடுவேனா? நேற்று பஸ் நிறுத்தத்தில் நவநீதன் காரின் நிறத்திலேயே ஒரு கார் நின்றது. வேறு யாருடையதோ. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் பத்து மணி இருக்கும். கோபியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். முதலில் ஏதோ நிலம் விஷயம் என்றுதான் நினைத்தேன். சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். கூடத்தில் பேசுவது அப்படியே கேட்கும்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க பொண்ணுக்கு ஈரோட்டுல ஒரு பையனப் பேசீட்டிருக்கறோம். உங்க எடத்துக்கு மொதல்ல பேசி நின்னுபோச்சுன்னு கேள்விப்பட்டோம். அதான் ஒரு வார்த்த கேட்டுப்போட்டுப் போலாம்னு."

அம்மா என்னைப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்தேன்.

அப்பா தொண்டையைச் செருமினார். "அதுங்களா... குடும்பமெல்லாம் நல்ல குடும்பந்தானுங்க. பையன் மேல ஒரு சொல்லு இல்ல. ஜாதகந்தான் நம்மளுக்குச் சேரல."

"அப்பிடீங்களா, நல்லதாப் போச்சு." அந்த அம்மாளின் குரலில் நிம்மதி அப்படியே தெரிந்தது. "இதோட எட்டுப் பேருகிட்டக் கேட்டாச்சுங்க. எல்லாருமே நல்ல மாதிரித்தான் சொல்றாங்க."

எட்டு. எட்டாவது நாங்கள்.

அவினாசி ரோட்டு லாரிகள் கண் முன்னால் வந்தன. மெதுவான அந்தக் குரல் வந்தது. அம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் அம்மிணி, நமக்கெதுக்கு" என்று காதில் சொன்னார். பெருந்துறையில் மோகனப்ரியா சொன்னது ஞாபகம் வந்தது, உள்ளே நின்று கேட்டுக்கொண்டு சும்மாதான் இருந்திருப்பேன் என்று. நானும் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தேன்.

தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். காபி தட்டெல்லாம் சிந்தியிருந்தது. வைத்துவிட்டு உள்ளே போகவேண்டும். போகவில்லை. அவர்களுக்கு எதிரே கீழே உட்கார்ந்துகொண்டேன்.

"கண்ணு, உள்ள போ" என்றார் அப்பா.

"என்கிட்டயும் ஒரு வார்த்த கேளுங்க" என்றேன் அந்த அம்மாளிடம். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். கணவரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் இரண்டாவது தடவை உள்ளே போகச் சொல்லவில்லை.

"சொல்லு சாமி" என்றார் அந்த அம்மாள்.

நகம் இன்னும் முழுதாக முளைக்கவில்லை. நான் விரலிலிருந்து ஆரம்பித்தேன்.